லாரி வரிசையில் ஒரு சைக்கிள் பள்ளி

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை இதை ஒரு வாரப் பத்திரிகையில், அதுவும் தன் படத்தோடு வரும் தொடரில் ஒப்புக்கொள்வது கொஞ்சம் கூச்சமான காரியம்தான். இதைவிடக் கூச்சமான விஷயம் ஒன்று இருக்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரியாத நான், ஒருவருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பொழுதுபோக்காக அல்ல. அரசாங்க வேலைக்காக.

கற்றுக்கொண்டவள் எங்கள் எதிர்வீட்டு தேசராணி. தெருவுக்கு ராணி. என்னை அண்ணா என்றும் என் மனைவி எஸ்தரை அக்கா என்றும் கூப்பிடுகிறவள். அப்போது வயது முப்பத்தாறு. பிளஸ் ஒன் படிக்கும் மகள், விசைப்படகில் கடலுக்குப் போகும் கணவர்.

இடம், திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் கடலோரச் சாலை. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒரு பக்கம் லாரி டயர்கள். மறுபக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். நடுவில், ஒரு ஆள் இரண்டு கைகளையும் நீட்டினால் இரண்டு பக்கமும் தொட்டுவிடும் அளவுக்கு ஒரு சந்து.

அந்தச் சந்தில் ராணி சைக்கிள்மேல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேரியரைப் பிடித்தபடி பின்னால் நான். டீசல் நாற்றம், கருவாட்டு வாசம், லாரிக்காரர்கள் ஸ்டவ்வில் தாளிக்கும் வெங்காயத்தின் மணம் மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறுகின்றன.

"ண்ணா, புடிச்சிகினு கீறீங்களா?"

"புடிச்சிருக்கேன். நீ முன்னால பாரு."

நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் வாயில் பல்குச்சியோடு டயரில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முறை நாங்கள் அவரைக் கடந்த பிறகு, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார், இது எதுக்குங்க என்று.

அரசு வேலைக்கு என்றேன்.

அவர் பல்குச்சியை எடுத்தார். "சைக்கிள் ஓட்டறதுக்கு கவர்மென்ட்ல சம்பளம் தர்றாங்களா? நமக்கு லாரி ஓட்டறதுக்கே மொதலாளி தரமாட்டேங்கறானுங்க."

கெஜட்டு

இந்த நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கயிறு, ஆணி, பெயின்ட் விற்கும் கடை போட்டவர். எங்கள் ஆட்களுக்கு அரசாங்க வேலை என்பது கடை நடத்தச் சாமர்த்தியம் இல்லாதவன் செய்வது. எனக்கோ அந்த வேலைமேல் தீராத காதல். நாற்காலியின் முதுகில் துண்டு போட்டு உட்கார வேண்டும், மேசையில் காகிதம் பறக்காமல் கண்ணாடிக் குண்டு வைக்க வேண்டும். என் லட்சியம் அவ்வளவுதான்.

"கடையில உக்காந்தா நீ மொதலாளி. அங்க போனா கடேசி மேசை. இந்தப் புத்தி எங்கயிருந்துலே வந்துச்சு?" என்று அப்பா கேட்பார்.

எல்லாத் தேர்வுகளையும் எழுதினேன். எழுத்தர், தட்டச்சர், இளநிலை உதவியாளர், ஒருமுறை ஏதோ ஒரு துறையில் மீன்வள மேற்பார்வையாளர். பொது அறிவு தலைக்கேறி, உலகத்தில் எந்த நாட்டுக்கு எது தலைநகர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டு அங்குல ஆணி எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் அப்பாவைக் கூப்பிடுவேன்.

வேலை வரவில்லை. வயது வரம்பு வந்தது. அப்பாவுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்தேன். ஆனால் வியாதி போகவில்லை, ரூபம் மாறியது. எனக்குக் கிடைக்காததை ஊருக்குத் தேடித்தர ஆரம்பித்தேன். காலையில் கடை திறந்ததும் பேப்பரில் அறிவிப்புகளைத் தேடுவேன். பிறகு இணையத்தில். வாட்ஸப்பில் "பத்தாம் வகுப்பு போதும், இன்றே கடைசி நாள், பகிருங்கள்" என்று வரும் புரளிகளைப் பிரித்து எடுத்து, அனுப்பியவரைத் திட்டுவது என் காலைக் கடமைகளில் ஒன்று.

தெருவில் எனக்குக் கெஜட்டு என்று பெயர். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

என் தகவலால் பிழைத்தவர்கள் உண்டா என்று எஸ்தர் கேட்பதுண்டு. ஒருவர் உண்டு. நான் சொன்ன வேலைக்கு விண்ணப்பம் நகலெடுக்கப் போனவர், அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை போட்டார். இன்று கொருக்குப்பேட்டையில் சொந்த வீடு.

பச்சை மை

ஒரு சின்னக் கிளைக்கதை. இப்போது விண்ணப்பிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தங்கள் சான்றிதழுக்குத் தாங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் ஒவ்வொரு நகலுக்கும், ஒவ்வொரு புகைப்படத்துக்கும் அரசிதழில் பெயர் வந்த அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்திட வேண்டும். நாம் நாம்தான் என்பதற்கு அவர் சாட்சி.

அந்த அந்தஸ்துள்ள அதிகாரிகளில் சாமானியன் நெருங்கக்கூடியவர் ஒருவர்தான். கால்நடை மருத்துவர்.

காலையிலேயே அவர் மருத்துவமனை வாசலில் வரிசை நிற்கும். ஒரு ஆடு, ஒரு பட்டதாரி, ஒரு அல்சேஷன், இரண்டு பட்டதாரிகள், கூடைக்குள் ஒரு கோழி. என் முறை வந்தபோது அவர் நிமிராமலே என்ன கேஸ் என்றார். அட்டெஸ்டேஷன் சார் என்றேன். கொஞ்சம் பொறு, உன் பின்னால் நிற்பது கடிக்கும், அதை முதலில் பார்த்துவிடுகிறேன் என்றார்.

பிறகு என் புகைப்படத்தைக் கையில் எடுத்தார். என் முகத்தோடு ஒப்பிட வேண்டும். என் தாடையைப் பிடித்துத் தூக்கி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷம். நல்லவேளை, வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

அவர் பச்சை மையில் சாட்சி சொன்ன அத்தனை விண்ணப்பங்களும் எங்கே போயின என்று தெரியாது. ஆனால் அவர் ஊசி போட்ட ஆடுகள் நன்றாக இருந்தன என்று கேள்விப்பட்டேன்.

நாம் எந்தக் கிராமம்?

இனி ராணி.

ராணிக்கு ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் வேலை. உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி, நம்பர் எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். ஒப்பந்த வேலை. அவள் சேர்ந்து ஓராண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒப்பந்தக்காரர் மாறுவார். ராணி மாறமாட்டாள், நாற்காலி மாறாது, மேலே ஆடும் மின்விசிறிகூட மாறாது. கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் மாறும். புது அட்டையில் அவள் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

கணவர் ஏழுமலைக்குக் கடல் வருமானம். மீன்பிடித் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. புயல் அறிவிப்பு வந்தால் இல்லை. படகு பழுதானால் இல்லை.

ஒருநாள் கடைக்குப் பெயின்ட் வாங்க வந்தவள், ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டாள். நான் உற்சாகமாகி, அவள் படிப்புக்கு எழுதக்கூடிய தேர்வுகள், அதற்கான பாடத்திட்டம், பதவி உயர்வு என்று ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ண்ணா, பெர்ய வேலல்லாம் எனக்கு வாணாம். சேந்த தேதி மாறாத வேல ஒண்ணு இருந்தா சொல்லுங்க. அது போதும்."

அரசாங்க வேலையைப் பற்றி அத்தனை வருடங்கள் படித்தவன் நான். அதை இப்படி ஒரு வாக்கியத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சில வாரங்களில் வந்தது அறிவிப்பு. எங்கள் தாலுகாவில் கிராம உதவியாளர் பணியிடங்கள். பத்தாம் வகுப்பு போதும். அந்தந்தத் தாலுகாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். ராணிக்கு உரிய வயது வரம்பு முப்பத்தேழு. அடுத்த அறிவிப்பு எப்போது வருமென்று அதை வெளியிடுகிறவருக்கே தெரியாது. எப்போது வந்தாலும் ராணி வரம்பைத் தாண்டியிருப்பாள். இதுதான் அவளுக்குக் கடைசி வண்டி.

எஸ்தர் அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். புகைபோக்கி தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு புகைபோக்கி.

"இங்க ஏதுங்க கிராமம்?"

நியாயமான கேள்வி. விசாரித்தேன். வருவாய்த் துறைக் கணக்கில் தொழிற்சாலை, துறைமுகம், எண்ணெய்க் குழாய், எங்கள் வீட்டு மாடி எல்லாமே ஏதாவதொரு கிராமத்தில்தான் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் பட்டணத்துக்காரன் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. என் சித்தப்பா மகன் அங்கே நகராட்சியில் குடியிருக்கிறான். கிராமத்தான் நான்தான்.

எஸ்தர் இன்னும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. "சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்னு போட்டிருக்கே, படிச்சீங்களா?"

படிக்கவில்லை. நான் எப்போதும் சம்பள விகிதத்தோடு நிறுத்திவிடுவேன்.

ராணியிடம் கேட்டோம். "இந்த ரோட்ல சைக்கிள் கத்துகினவன் எவன்க்கா உசுரோட கீறான்?" என்றாள்.

உண்மை. எங்கள் பக்கத்துச் சாலைகள் லாரிகளுக்காகப் போடப்பட்டவை. மனிதர்கள் இடையில் புகுந்து போய்வருகிறோம். எந்த வீட்டிலும் பிள்ளைகளைச் சைக்கிளோடு வெளியே விடமாட்டார்கள். நான் கற்றுக்கொள்ளாததற்கும் அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். எஸ்தர் வேறு காரணம் வைத்திருக்கிறாள்.

ஆனால் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி வீட்டுக்கு வீடு நிற்கிறது. மாடிப்படிக்குக் கீழே, சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழியாமல், ஹேண்டில்பாரில் ஈரத்துணி காய. ராணி மகளுடையதும் அப்படித்தான் நின்றது. மகள் ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள்.

ஏழுமலை கடலில். கற்றுத்தர ஆள் யார் என்ற கேள்வி வந்தபோது, எனக்கே தெரியாமல் என் வாய், நான் என்றது. சைக்கிள் ஏன் விழுவதில்லை என்று எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். அதை ராணிக்கு விளக்கினேன். வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள். கண்ணாடி போட்டவர்கள்மேல் அவளுக்கு அந்த நாளில் ஒரு மரியாதை இருந்தது.

பாடத்திட்டம்

லாரி வரிசை என் யோசனைதான். நிற்கிற லாரி மோதாது. குறுக்கே ஆள் வராது. வெயில் படாது. இடதுபுறம் சாய்ந்தால் கல், வலதுபுறம் சாய்ந்தால் டயர், எப்படியும் தரையில் விழ முடியாது. உலகத்தில் வேறெங்கும் இப்படியொரு பயிற்சிக் களம் கிடையாது என்று எஸ்தரிடம் பெருமையடித்தேன்.

முதல் நாள் முன்சக்கரப் பிரேக்கை அழுத்தி, ராணி ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் ஒரு லாரியின் மட்கார்டில் மார்பை மோதிக்கொண்டாள். அதோடு பிரேக்கை வெறுத்துவிட்டாள். நிறுத்துவதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெடலை விட்டுவிட்டு, வேகம் குறைந்ததும் பக்கத்து லாரியின் பின்பக்கக் கம்பியைக் கையால் பற்றிக்கொள்வாள். சைக்கிள் சாதுவாக நிற்கும். இது இயற்பியலுக்கு ஒத்துவருகிறதா என்று யோசித்தேன். வந்தது. அனுமதித்தேன்.

சந்தின் கோடிக்குப் போனதும் இறங்குவாள். நான் சைக்கிளின் பின்புறத்தைத் தூக்கி, வந்த திசைக்குத் திருப்பி வைப்பேன். ஏறுவாள். மறுபடி நேராக, புறப்பட்ட இடம்வரை.

வாசகர்களில் சைக்கிள் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சைக்கிள் ஓட்டுவதில் திரும்புவது என்று ஒரு பாடம் தனியாக இருக்கிறது என்பது, ஓட்டியிருந்தால் அல்லவா தெரியும்?

ஒரு வாரத்தில் ராணி அம்பு போல் போனாள். லாரிக்காரர்கள் ஸ்டவ்வுக்குப் பக்கத்திலிருந்து கைதட்டினார்கள். நாமக்கல்காரருக்கு முறை வந்து லாரி துறைமுகத்துக்குள் போனபோது, கிளம்புவதற்கு முன் ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கரித்தூளாகவும் இருக்கலாம்.

நெல் இல்லாத கட்டுரை

சைக்கிள் தவிர எழுதும் தேர்வும் உண்டு. கிராமத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதிரிக் கட்டுரை தயாரித்துக் கொடுத்தேன். பசுமையான வயல், சலசலக்கும் வாய்க்கால், முற்றிய நெற்கதிர்கள் தலைசாய்ப்பது, ஓர் உவமை, முடிவில் உழவரைப் போற்றி நாலு வரி.

ராணி படித்துவிட்டு, இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கிராமம் என்றால் இருக்கும் என்றேன்.

"நம்ம கிராமத்துல கப்பல் எறக்குற கிரேன்தான கீது."

அதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று எச்சரித்தேன். தேர்வு முடிந்து வந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்டேன். கொசஸ்தலை ஆறு, உப்பளம், குப்பத்தில் எத்தனை படகு, மழை வந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று எழுதியதாகச் சொன்னாள். என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். "கடசீல ஒங்க நெல்லும் ஒரு வரி போட்டேண்ணா. பாவம்னு."

யார்மேல் பாவம் என்று நான் கேட்கவில்லை.

சுண்ணாம்புக் கோடு

சைக்கிள் தேர்வு ஒரு பள்ளி மைதானத்தில். ராணியையும் சைக்கிளையும் என்னையும் குப்பத்துக்காரர் ஒருவர், மீன் ஏற்றும் தன் மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பனிக்கட்டி உருகிய தண்ணீர் என் வேட்டியை நனைத்திருந்தது. எனவே அன்று எனக்குப் பக்கத்தில் யாரும் நெருங்கி நிற்கவில்லை.

பத்தாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பொறியியல் படித்தவர்கள். ஒருவர் கையில் முதுகலைச் சான்றிதழ்கூட இருந்தது. அவர்களும் எங்களைப் போலவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

மரத்தடியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மா, முன்னால் டீ. மேசையிலிருந்து மைதானத்தின் கோடிவரை சுண்ணாம்பில் ஒரு கோடு. கோட்டின் முடிவில் ஒரு தார் டிரம். டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். டிரம்முக்கு நேர் பின்னால் மைதானத்தின் வாசல், கதவு திறந்து கிடந்தது.

டிரம்மைப் பார்த்ததும் ராணி என்னைப் பார்த்தாள். நானும் டிரம்மைப் பார்த்தேன். பார்த்த அந்த நொடியில்தான் என் பாடத்திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. எத்தனையோ தேர்வுகளில் படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்து பார்த்திருக்கிறேன். இம்முறை தேர்வுதான் என்னுடையதல்ல.

அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ராணி ஏறினாள். பிரமாதமாகப் போனாள். கோட்டின்மேல் இம்மி பிசகாமல், அத்தனை பேரிலும் அதிக வேகமாக. டிரம்மை நெருங்கினாள். டிரம்மைத் தாண்டினாள். வாசலைத் தாண்டினாள். தெருவில் இறங்கியும் நேராகப் போய்க்கொண்டே இருந்தாள்.

மைதானம் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி அம்மா, உதவியாளரிடம் அந்தப் பெண் எங்கே போகிறார் என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்கு வேறெதுவும் தோன்றாததால் பழக்கப்படி பின்னாலேயே ஓடினேன்.

தெருவில் கொஞ்ச தூரத்தில் ஒரு குடிநீர் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ராணி. மேலே தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து நிற்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"போச்சுண்ணா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். "திங்கக்கெழம புது கான்ட்ராக்டு. புது அட்ட வாங்கணும்."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, வேகம் நன்றாக இருந்தது என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல், அதற்கப்பால் டிரம், அதற்கப்பால் மரத்தடி மேசை.

"ண்ணா, இங்கேர்ந்து அந்த டேபிளு நேராதான கீது?"

பார்த்தேன். "நேராத்தான் இருக்கு."

"பின்னால தூக்குங்க."

தூக்கித் திருப்பி வைத்தேன். ஏறினாள். நான் கேரியரைப் பிடித்ததும் திரும்பிப் பார்க்காமலே விடச் சொன்னாள். விட்டேன். போனாள்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம், வாசலில் அவள் தலை தெரிந்ததும் வாயை மூடியது. டிரம்முக்குப் பக்கமாக, சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே வந்தாள். பெடலை விட்டாள். வேகம் குறைந்தது. ஆனால் நிற்க லாரி இல்லை. கையை நீட்டி, அதிகாரியின் மேசையைப் பற்றிக்கொண்டாள். மேசை ஒரு முழம் நகர்ந்தது. அதிகாரி அம்மா டீ தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். சைக்கிள் சாதுவாக நின்றது.

நான் ஓடி வந்து மேசையை எட்டும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "இறங்கும்மா. டேபிளை விடு."

"நின்னுட்டேனா மேடம்?"

"நின்னுட்ட. விடு."

வரிசையிலிருந்து ஒரு பொறியாளர், அவங்க டிரம்மைச் சுத்தவே இல்லையே மேடம் என்று ஆட்சேபித்தார். அதிகாரி அம்மா டீயை ஒரு வாய் குடித்தார். மேசையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"ஓட்டத் தெரியுமான்னுதான் இதுல கேட்டிருக்கு. போனாங்க, வந்தாங்க. டிரம்மைச் சுத்தறதுக்கு நாம ஆள் எடுக்கலை, தம்பி. நோட்டீஸ் கொண்டுபோய்க் குடுக்க எடுக்கறோம்."

நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று பிறகு விசாரித்தேன். சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்தால் ஜனங்களை எங்கே கொண்டுபோய்த் தங்கவைப்பாய் என்று கேட்டார்களாம். தலைநகர்கள் எதையும் கேட்கவில்லை.

உத்தரவு

அப்புறம் பல மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அரசாங்கம் என்பதற்கு அது ஒன்றே போதுமான சான்று. ராணி புது அட்டை வாங்கி, அதே நாற்காலியில் உட்கார்ந்து, லாரி நம்பர் எழுதினாள். முப்பத்தேழும் முடிந்தது. நான் அவள் வீட்டுப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன். தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் பார்ப்பேன்.

உத்தரவு வந்த அன்று ஏழுமலை கரையில் இருந்தார். என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ராணி வேலையில் சேர்ந்துவிட்டு வந்து, சேர்ந்த தேதியை எஸ்தரிடம் இரண்டு முறை சொன்னாள். எஸ்தர் அதைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டுவைத்தாள். எங்கள் கல்யாண நாளுக்கு அந்தக் காலண்டரில் வட்டம் கிடையாது.

தெருவில் என் மதிப்பு உயர்ந்தது. கெஜட்டு என்று கூப்பிட்டவர்கள் கெஜட்டு சார் என்றார்கள். இரண்டு வீடுகளிலிருந்து சைக்கிள் கற்றுத்தரக் கேட்டு வந்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணி சங்கரா மீன் கொண்டுவந்தாள். எஸ்தர் வாசலில் உட்கார்ந்து செதில் எடுக்க, நான் நாற்காலியில் பேப்பரோடு இருந்தேன். வெற்றி பெற்றவர்களுக்கு வரும் பெருந்தன்மை எனக்கும் வந்திருந்தது. பேப்பரை மடித்துவைத்துவிட்டு, உனக்குத் திரும்பக் கற்றுத்தராமல் விட்டது என் தப்புதான் ராணி, பாடத்திட்டத்தில் அது ஒரு குறை என்றேன்.

ராணி எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாகச் செதில் எடுத்தாள்.

"அது இன்னாண்ணா ஒங்க தப்பு? ரெண்டாம் நாளே ஹேண்டில லைட்டா வளைச்சிப் பாத்தேன். பின்னால நீங்க கல்லு மேல போய்ட்டீங்க. அக்கா வேற மொத நாளே சொல்லி அனுப்பிச்சிது, 'அவர டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரு, நான் சொன்னா கேக்க மாட்டாரு, நேரா கூட்டிட்டுப் போயி நேரா கூட்டிட்டு வா'ன்னு. திருப்பத்துல ஒங்கள உட்டுட்டு வந்தா, அக்காவுக்கு யார்ண்ணா பதில் சொல்றது?"